நுகப்புண்ணைத் தடுக்கும் தோல் மெத்தை

உழவுயந்திரங்கள் பெருகிவிட்ட போதிலும், வண்டில் இழுக்கவும் சிறு தோட்டங்களை உழவும் எருதுகளை வைத்திருக்கும் கமக்காரர் இன்னும் உளர். நன்றாகத் தீனி தின்னும் எருது, நுகத்தைக் கண்டதும் தலையை ஒதுக்குவதுண்டு. பூட்டியபின் படுத்துக்கொள்வதும் உண்டு. அதனைச் சோம்பல் மாடென்று அடிக்குமுன், திமிலுக்கு முன்னாலுள்ள இடத்தைக் கையினால் அழுத்தித் தடவிப் பார்த்தல் வேண்டும். அவ்விடத்தில் மயிர் உதிர்ந்து, தோல் சூடாக வீங்கியிருக்குமாயின், அது சோம்பலன்று, நுகப்புண்ணின் தொடக்கமேயாகும்.

எருது தன் நிறையில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு விசையுடன் நெடுநேரம் இழுக்கவல்லது. 300 கிலோ நிறையுள்ள எருது 30 கிலோ விசையுடன் இழுக்கின்றதென வைத்துக்கொள்வோம். உருண்டையான, ஒடுங்கிய நுகத்தடி 6 சதுர அங்குல இடத்தில் மாத்திரம் கழுத்திற் படுமாயின், ஒவ்வொரு சதுர அங்குலமும் 5 கிலோ அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அதே விசை 24 சதுர அங்குலத்திற் பரவினால் அழுத்தம் 1¼ கிலோவாகக் குறையும். மெத்தையின் பயன் இதுவே. மென்மை மட்டும் போதாது. பாரம் பரவ வேண்டும்.

ஆதலால் முதலிற் சீர்செய்ய வேண்டியது மரம். கழுத்திற் படும் பகுதியை அகலமாகவும் வளைவாகவும் செதுக்கி, கணுவும் சிராயும் இல்லாதவாறு தேய்த்துக்கொள்க. கோணலான நுகத்திற்கு எத்துணை நல்ல மெத்தை கட்டினும் பயனில்லை. இரண்டு எருதுகளும் உயரத்தில் ஒத்திருத்தல் வேண்டும். வண்டிலில் முன்பாரம் கூடினால் நுகம் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும்.

மெத்தை செய்வதற்குப் பதனிட்ட தோலில் இரண்டு துண்டுகள் தேவை. மரத்தின் பக்கத்திற்குத் தடித்த தோலும், கழுத்தின் பக்கத்திற்கு மெல்லிய, வளையக்கூடிய தோலும் உகந்தவை. கழுத்தின் இருபுறமும் இரண்டு விரலளவு வெளியே நீளுமாறு வெட்டுக. உள்ளே வைப்பதற்குத் தும்பைப் பலரும் பயன்படுத்துவர். ஆயின் அது நாளடைவில் திரண்டு கட்டியாகிவிடும். பழைய கம்பளியை மடித்து வைத்தலே மேலானதென்பது எமது கருத்து. கையால் அழுத்தும்போது முக்கால் அங்குலத் தடிப்பு நின்றாற் போதும்.

குதிரைக் கடிவாளத்தின் தலைவாருக்கு மெத்தை தைப்போர் கையாளும் தையல் இதற்கும் ஏற்றது. தேன்மெழுகு பூசிய ஒரே நூலின் இரு நுனிகளிலும் ஊசி கோத்து, குத்தூசியால் இட்ட ஒவ்வொரு துளையினூடாகவும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்துக. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றைய தையல்கள் எளிதிற் பிரியமாட்டா. தையல் வரியும் முடிச்சும் கழுத்திற் படாமல் ஓரத்திலோ மேற்பக்கத்திலோ அமைய வேண்டும். மெத்தையை வார்களால் நுகத்துடன் அசையாமற் கட்டுக.

பண்ணைப் பாடசாலையிற் பயின்ற காலத்தில், தடிப்புக் கூடினால் நன்மையும் கூடுமென்றெண்ணி, ஒரு மெத்தையை வைக்கோலால் பருக்க அடைத்தேன். அது நுகத்திற் புரண்டு, வியர்வையையும் சூட்டையும் பிடித்து வைத்தது. முன்பு புண்ணில்லாத எருதுக்கு நான்காம் நாள் தோல் உரிந்தது. அவ்வெருதைப் பல நாட்கள் கட்டிவைத்துத் தீனி போட நேர்ந்தது.

வேலை முடிந்ததும் மெத்தையை அவிழ்த்து, வியர்வை உப்பை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துக. வெயிலிற் காயவிட்டால் தோல் விறைத்து வெடிக்கும். இடையிடையே சிறிது எண்ணெய் தடவுதல் நன்று. மிகுதியாகத் தடவினால் தோல் தொய்ந்துவிடும். மழைக்காலத்தில் நனைந்த மெத்தையைப் பூட்டலாகாது; ஈரத்தில் ஊறிய தோல் விரைவில் உரியும். காதின் பின்னாற் செல்லும் நாணயக்கயிறு தலையில் உராயுமிடத்திலும் மெல்லிய தோலைச் சுற்றித் தைத்துவிடலாம்.

புண் உண்டாகிவிட்டாலோ, மெத்தையை அதன்மேல் வைத்து வேலை வாங்குதல் பெருந்தவறு. கொதித்தாறிய உப்பு நீராற் கழுவி, சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவி, ஈயணுகாமற் காத்து, தோல் முற்றாக மூடும்வரை எருதை ஓய்வாக விடுக. புழு வைத்தாலும், கட்டி இறுகினாலும், சீழ் கண்டாலும் மிருக வைத்தியரிடம் காட்டுக. மீண்டும் பூட்டும்போது முதல் நாள் அரை மணி நேரம், பாரமில்லாத வண்டில் போதுமானது. அவிழ்த்தவுடன் கழுத்தைத் தடவிப் பார்த்து, சூடில்லையாயின் மறுநாள் சிறிது கூட்டுக.