அணா போய்ப் பைசா வந்தது

ஐம்பது பைசாவை "எட்டணா" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கையில் ஒன்றும் இல்லாதவனைப் பற்றி, "அவனிடம் தம்பிடிகூடக் கிடையாது" என்பார்கள். அணா என்பது என்ன? தம்பிடி என்பது என்ன? அவை எங்கே போயின? வாருங்கள், பார்ப்போம்.

1957-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை நம் நாட்டில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்கு நான்கு காலணா. ஒரு காலணாவுக்கு மூன்று தம்பிடி. ஆகவே ஒரு ரூபாயில் 64 காலணாக்கள், அதாவது 192 தம்பிடிகள் இருந்தன.

பதினாறு ஏன்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மீண்டும் மடியுங்கள். இப்படி நான்கு முறை மடித்தால் பதினாறு சம பாகங்கள் கிடைக்கும். இதற்கு அளவுகோல் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இந்தப் பாகங்களுக்கெல்லாம் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ஒரு ரூபாயில் மாகாணிதான் ஓர் அணா!

பழைய முறையில் வேறொரு வசதியும் இருந்தது. ஒரு ரூபாயை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிட முடியும். ஆளுக்கு 64 தம்பிடி, அதாவது ஐந்து அணா நான்கு தம்பிடி. இன்றைய நூறு பைசாவை மூவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 33 போக ஒரு பைசா மிஞ்சும்.

அப்படியானால் ஏன் மாற்றினார்கள்? கணக்கை எழுதிப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு பொருளின் விலை மூன்று அணா ஒன்பது தம்பிடி. அப்படிப்பட்ட ஏழு பொருள்களின் விலை என்ன? முதலில் ஒன்பதை ஏழால் பெருக்கி, வந்த 63 தம்பிடியைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். கிடைக்கும் ஐந்து அணாவை, மூவேழு இருபத்தொன்றுடன் கூட்ட வேண்டும். 26 அணாவைப் பதினாறால் வகுக்க வேண்டும். ஒரு ரூபாய் பத்து அணா மூன்று தம்பிடி என்று விடை வருவதற்குள் மூச்சு முட்டிவிடும். விலை 23 பைசா என்றிருந்தால், 23-ஐ ஏழால் பெருக்கினால் 161. புள்ளியை இடம் மாற்றினால் 1.61 ரூபாய். கணக்கு முடிந்தது.

பாராளுமன்றம் 1955-இல் நாணயச் சட்டத்தைத் திருத்தியது. 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு நூறு பைசா என்றாயிற்று. பழைய பைசாவோடு குழப்பம் நேராமலிருக்க, புதியதை "நயா பைசா" என்று அழைத்தார்கள். "நயா" என்றால் புதிய என்று பொருள். அந்த அடைமொழி 1964 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டது.

ஓரணாவுக்கு எத்தனை?

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. எட்டணாவுக்கு 50 நயா பைசா, நாலணாவுக்கு 25. இவற்றில் தகராறு இல்லை. ஆனால் ஓரணாவுக்கு? நூறைப் பதினாறால் வகுத்துப் பாருங்கள். ஆறேகால் வரும். கால் நயா பைசாவுக்கு நாணயம் ஏது?

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பட்டுச் சேலை நெய்து முடித்தால்தான் கூலி கைக்கு வரும். அதுவரை உப்பு, புளி, தீப்பெட்டி, வெற்றிலை என்று அன்றாடத் தேவைகளைச் சிறுகச் சிறுக வாங்குகிறார்கள். நாளொன்றுக்கு ஓரணாப் பொருள்கள் நான்கு என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் ஏழு நயா பைசா கேட்டால் மொத்தம் 28. ஆனால் நான்கு அணாவின் உண்மையான மதிப்பு 25 தான். தினமும் மூன்று நயா பைசா நட்டம். முப்பது நாளில் 90 நயா பைசா! அதாவது பதினான்கு அணாவுக்கும் மேல். முக்கால் நயா பைசா தானே என்று அலட்சியமாக விட்டுவிட முடியுமா?

இதற்குச் சட்டம் ஒரு விதி வகுத்தது. கணக்கில் பின்னம் வந்தால், அருகிலுள்ள முழு நயா பைசாவை எடுத்துக்கொள்ள வேண்டும். சரியாக அரை என்று வந்தால் கீழே உள்ள எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். இதன்படி ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25.

இந்த விதி நியாயமானதா? நீங்களே சோதிக்கலாம். ஓரணாவில் வாங்குபவருக்குக் கால் நயா பைசா இலாபம். இரண்டணாவில் அரை இலாபம். மூன்றணாவில் கால் நட்டம். நாலணாவில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. மிஞ்சும் சிறு அனுகூலம் பணம் கொடுப்பவருக்கே சேர்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நான்கு பொருள்களுக்கும் தனித்தனியே ஆறு ஆறாகக் கொடுத்தால் 24. இப்போது கடைக்காரருக்கு ஒரு நயா பைசா நட்டம். நான்கையும் முதலில் கூட்டி, நாலணாவாக்கி, பிறகு மாற்றினால் 25. யாருக்கும் நட்டமில்லை. முதலில் கூட்டு, கடைசியில் முழுமையாக்கு. ஆய்வுக்கூடத்தில் அளவுகளைக் கணக்கிடும் விஞ்ஞானிகளும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

பழகும் காலம்

பழைய காசுகள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. சில ஆண்டுகள் இரண்டும் கலந்தே புழங்கின. புதிய நாணயங்களைத் தடவிப் பார்த்தே அடையாளம் காணலாம். ஐந்து நயா பைசா சதுரம். பத்து நயா பைசாவுக்கு வளைவு வளைவான விளிம்பு. 25 நயா பைசாவின் எடை 2.5 கிராம், 50-இன் எடை 5 கிராம். மதிப்பு இரட்டித்தால் எடையும் இரட்டிக்கிறது!

நமக்கு முன்பே இந்த வழியில் சென்றவர்கள் உண்டு. ரஷ்யா 1704-லேயே ரூபிளை நூறாகப் பிரித்தது. அண்டை நாடான இலங்கையில் 1872 முதல் ரூபாய்க்கு நூறு சதம். நம்மை ஆண்ட பிரிட்டனோ 1971 பிப்ரவரி 15 வரை ஒரு பவுனுக்கு 240 பென்ஸ் என்றே எண்ணிக்கொண்டிருந்தது.

காசைத் தொடர்ந்து எடையும் நீளமும் மாறின. 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் அளவுகள் வந்தன. ஆனாலும் பட்டுச் சேலையை இன்றும் "ஆறு கெஜம்", "ஒன்பது கெஜம்" என்றே சொல்கிறோம். அளவு மாறினாலும் சொல் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதவையாயின. இன்று கடைச் சீட்டில் பைசா வந்தால் முழு ரூபாயாக மாற்றிவிடுகிறார்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது சீட்டை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பொருளின் விலையையும் முழுமையாக்குகிறார்களா, மொத்தத் தொகையை மட்டுமா? இரண்டு வழியிலும் கணக்கிட்டு, எவ்வளவு வேறுபடுகிறது என்று எழுதி வையுங்கள். ஒரு மாதச் சீட்டுகளைச் சேர்த்துக் கூட்டினால், 1957-இல் அந்த நெசவாளர் வீட்டில் போட்டிருக்கக்கூடிய கணக்கை நீங்களும் போட்டவர் ஆவீர்கள்.