காதைக் கூசவைக்கும் கிடார்

பழைய ரேடியோவில் இருந்தது போன்ற வால்வுகளால் இயங்கும் ஆம்ப்ளிபயரில் கிடார் வாசிப்பவர்கள் சிலர், ஒலியைத் தணித்து வைத்தால்தான் காது கூசுகிறது என்பார்கள். கூட்டினால் கூச்சம் மறைகிறதாம்! இதென்ன தலைகீழ் நியாயம்?

அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட டீலக்ஸ் ரிவெர்பை எடுத்துக்கொள்வோம். அதன் ஒலியளவுக் குமிழ் 10 லட்சம் ஓம் கொண்ட ஒரு மாறுமின்தடை. 'வைப்ரேட்டோ' பகுதியில் இத்தடையின் மேல்முனைக்கும் நகரும் முனைக்கும் குறுக்கே 47 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்று உண்டு. குறைந்த ஒலியில் மங்கிப்போகும் உச்ச அதிர்வுகளை ஈடுகட்ட வைத்தது அது. அதிர்வெண் கூடக் கூட மின்தேக்கியின் மறிப்பு குறையும் அல்லவா? கணக்கிட்டுப் பாருங்கள்: 200 ஹெர்ட்ஸில் சுமார் 170 லட்சம் ஓம், 5,000 ஹெர்ட்ஸில் 7 லட்சத்துக்கும் குறைவு. ஆகவே குமிழைத் தணித்ததும் தாழ்ந்த அதிர்வுகள் மின்தடையில் மாட்டிக்கொள்ள, உயர்ந்தவை குறுக்குவழியில் நழுவிவிடுகின்றன. குமிழை முழுதும் திருப்பினாலோ மின்தேக்கியின் இரு முனைகளும் ஒரே புள்ளியில் சேரும்; அதற்கு வேலையே இல்லை.

சந்தேகமானால் கிடாரை 'நார்மல்' பகுதியில் செருகிக் கேட்கலாம். அங்கே இந்த மின்தேக்கி கிடையாது.

மருந்து எளிது: மின்தேக்கியின் ஒரு காலைத் துண்டித்தால் போதும். ஆனால் நீங்கள் பெட்டியைத் திறக்கவே கூடாது! உள்ளே 400 வோல்ட்டுக்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வடிகட்டி மின்தேக்கிகளில் அது தங்கியிருந்து உயிரைக் குடிக்கும். கைதேர்ந்த மெக்கானிக் வரும்வரை கிடாரிலுள்ள டோன் குமிழைச் சற்றுக் குறைத்து வாசியுங்கள்.