இழுத்தால் இறுகும் கிரிப்

2023 அக்டோபர் 26 முதல் 29 வரை பொன்முடியில் 28-ஆவது ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது. திருவனந்தபுரத்திலிருந்து விதுரா, கல்லாறு தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் வருகிற மலை இது. அங்குள்ள மெர்ச்சிஸ்டன் எஸ்டேட்டில் தடம் அமைத்திருந்தார்கள். பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் வாய்ப்பாகவும் இருந்ததால் ஆசியாவின் பல நாட்டு வீரர்கள் மலையேறி வந்தார்கள்.

இந்த மாதிரிப் பந்தயத்தில் எல்லார் கண்ணும் டயர் மேலும், ஷாக் அப்சார்பர் மேலும், டிஸ்க் பிரேக் மேலும்தான் இருக்கும். ஹேண்டில்பாரின் இரு நுனியிலும் மாட்டியிருக்கிற கிரிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது உடலின் பாரம் முன்னால் சரிந்து உள்ளங்கைகளில் இறங்குகிறது. அந்த நேரத்தில் கிரிப் கொஞ்சம் சுழன்றாலும் போச்சு, கையும் மனசும் ஒரே சமயத்தில் தடுமாறிவிடும்.

சாதாரண கிரிப்பைப் பிடித்து வைத்திருப்பது பசையும் இல்லை, திருகாணியும் இல்லை. ஹேண்டில்பாரின் கைப்பிடிப் பகுதி பெரும்பாலான சைக்கிள்களில் 22.2 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. கிரிப்பின் துளையோ அதைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சிறியது. அதனால் ரப்பர் விரிந்துதான் குழாய்மேல் ஏற முடியும். விரிந்த ரப்பர் பழைய அளவுக்குத் திரும்பத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் பிடி.

எவ்வளவு பிடி? தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 13 சென்டிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் தடிமன், மென்மையான ரப்பர், 5 சதவீத விரிவு என்று வைத்துக்கொண்டால், குழாய்மேல் விழும் அழுத்தம் வளிமண்டலக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. அற்பமாகத் தெரியும். ஆனால் அது கிரிப்பின் உள்பரப்பு முழுக்கப் பரவியிருப்பதால், உராய்வையும் சேர்த்தால், நேராகப் பிடுங்க 30 கிலோ எடைக்குச் சமமான விசை தேவைப்படுகிறது. அதுவும் காய்ந்த, சுத்தமான குழாய்க்கு.

பிடுங்கத் தொடங்கினால் கதை மோசமாகிறது. ரப்பரின் வடிவத்தை எளிதாக மாற்றலாம், கன அளவை மாற்றுவது அரிது. நீளவாக்கில் இழுத்தால் குறுக்குவாக்கில் ஒல்லியாகும். இந்த விகிதத்துக்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சானின் பெயர் வைத்திருக்கிறார்கள். எஃகுக்கு அது 0.3 அளவில் இருக்க, ரப்பருக்குக் கிட்டத்தட்ட 0.5. ஆக, நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க, கிரிப் நீண்டு, ஒல்லியாகி, குழாயை இன்னும் இறுக்குகிறது. பற்களைக் கடித்துக்கொண்டு இழுப்பவர் தன் எதிரிக்கே பலம் சேர்க்கிறார்.

வழி எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. பிரேக் லீவர் இருக்கும் உள்விளிம்பிலிருந்து வெளியே தள்ள வேண்டும். தள்ளினால் ரப்பர் நீளத்தில் சுருங்கி, அகலத்தில் உப்பி, குழாயை விட்டு விலகுகிறது. கூடவே ஒரு திருகல் கொடுத்தால் நகர ஆரம்பிக்கும். கிரிப் மொத்தமாக வழுக்கி வருவதில்லை. சிறு மடிப்பு ஒன்று எழும்பி முன்னால் ஊர்கிறது, அது கடந்து போன இடம் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. கனமான ஜமுக்காளத்தை முழுசாக இழுக்காமல், ஒரு ஓரத்தில் சுருக்கம் எழுப்பி அந்தச் சுருக்கத்தை மறுபக்கம்வரை தள்ளி நகர்த்துவோமே, அப்படி. ரப்பரின் உராய்வில் இப்படி அலை அலையாக நகர்வதும் உண்டு என்று 1971-இல் காட்டியவர் அடால்ஃப் ஷலமாக். இயற்கை ரப்பர் உற்பத்தியாளர்களுக்காக இங்கிலாந்தில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அந்த அலைகளுக்கு இன்றும் அவர் பெயர்தான். அவர் ஆராய்ந்த சரக்கு நமக்கு அந்நியம் இல்லை. நெடுமங்காட்டைத் தாண்டிப் பொன்முடிக்குப் போகிற வழியிலும், கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டின் குலசேகரம் வட்டாரத்திலும் வெட்டுப்பட்ட மரங்களில் பால் வடிந்துகொண்டுதான் இருக்கிறது.

சைக்கிள் கடைக்காரர் இந்த மடிப்பை வேறு வழியில் உண்டாக்குவார். பழைய போக்ஸ் கம்பி ஒன்றை, மழுங்கின முனை முன்னால் வரும்படி, உள்விளிம்பில் செருகுவார். கம்பியின் இரு பக்கமும் மயிரிழை இடைவெளி திறக்கும். அதில் சொட்டுச் சொட்டாக எதையாவது ஊற்றி, கம்பியைக் குழாயைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டுவார். கிரிப் தானாக வந்துவிடும். அந்த ‘எதையாவது’தான் விஷயமே.

கழற்றுவதற்கு எது ஊற்றினாலும் பரவாயில்லை. மாட்டுவதற்குத்தான் யோசிக்க வேண்டும். ஏறும்வரை வழுக்க வேண்டும், ஏறியபின் வழுக்கவே கூடாது. சோப்புத் தண்ணீர் முதல் பாதியை நன்றாகச் செய்கிறது. ஆனால் ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் லேசில் உலராது. உலர்ந்தாலும் சோப்பு அங்கேயே படிந்திருக்கும். பொன்முடி போன்ற இடத்தில், துலா மாத மழையும் மூடுபனியும் விளிம்பு வழியாக உள்ளே கசிந்தால், படிந்த சோப்பு மறுபடி உயிர்பெற்றுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதாவது கடையில் சாதாரணமாக ‘ஸ்பிரிட்’ என்று கேட்டு வாங்குகிற வகைகளில் ஒன்று, இதற்கு மேல். வழுக்கலும் தரும், எச்சம் விடாமல் ஆவியாகியும் போகும். ஒரு ராத்திரி விட்டுவைத்தால் போதும். ஹேர் ஸ்பிரே அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஈரமாக இருக்கையில் வழுக்கும், காய்ந்ததும் அதிலுள்ள பிசின் ஒட்டிக்கொள்ளும். முடிக்குச் செய்கிற வேலையைவிட இது உருப்படியான வேலை என்பது என் கட்சி.

எண்ணெய் மட்டும் வேண்டாம். கைக்கு எட்டுகிற தூரத்தில் தேங்காய் எண்ணெய் இருக்கும்தான். அது ஆவியாகாது என்பது ஒரு பக்கம். இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதும் என்பது இன்னொரு பக்கம். ஊதிய ரப்பரின் துளை பெரிதாகி, பிடி தளர்ந்து, கொழகொழத்துப் போகும்.

காற்று இன்னும் சுத்தமான வழி. பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்றழுத்தத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இருக்கும். கிரிப் குழாயை அழுத்துவதோ மூன்றில் ஒரு பங்கு என்று பார்த்தோம். ஏர் கன்னின் மூக்கை விளிம்புக்கடியில் நுழைத்து ஒரு அடி அடித்தால், கிரிப் உப்பிக் காற்றுமேல் மிதக்கும். அந்த ஒரு நொடியில் வெளியே தள்ளிவிடலாம். காற்றை நிறுத்தினால் இருந்த இடத்திலேயே கவ்விக்கொள்ளும்.

பந்தயக்காரர்களில் பலர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று ‘லாக்-ஆன்’ வகைக்கு மாறிவிட்டார்கள். உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் உறை, நுனியில் அலுமினிய வளையம், ஒரு ஆலன் போல்ட். ரப்பரின் இறுக்கத்தை நம்பத் தேவையில்லை. மழையிலும் சுழலாது, அரை நிமிடத்தில் கழன்று வரும். ஆனால் அந்த உறையின் கனத்துக்கு ரப்பர் மெலிந்துவிடுவதால் அதிர்வு கைக்குக் கூடுதலாக வரும். அதனால் தடித்த சிலிக்கோன் நுரை கிரிப்பை விடாதவர்களும் உண்டு. கார்பன் ஃபைபர் ஹேண்டில்பார் என்றால் எந்த வகையானாலும் பழையதை பிளேடால் கீறி எடுப்பது ஆபத்து. இழையில் விழுந்த சிறு கீறல் ஒருநாள் முறிவாக வளரும்.

கிரிப் கழன்று வருவதைப் பற்றி உலகத் தர விதியே இருக்கிறது. ஐஎஸ்ஓ 4210-இன்படி, தண்ணீரில் ஊறவைத்துப் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரிக்கும் குறைவாகக் குளிர்வித்தபின் 70 நியூட்டன் விசைக்கும், 60 டிகிரி வெந்நீரில் நான்கு மணி நேரம் கிடந்து எடுத்தபின் 100 நியூட்டன் விசைக்கும் கிரிப் நழுவக் கூடாது. இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் பந்தயம் அல்ல. கிரிப் போன ஹேண்டில்பார் வெறும் இரும்புக் குழாய். விழும் குழந்தையின் வயிற்றில் அதன் நுனி குத்தினால், தோலில் சின்ன வட்டத் தழும்பு மட்டும் தெரிய, உள்ளே கல்லீரலோ கணையமோ கிழிந்திருக்கும். குழந்தை அறுவை மருத்துவர்களுக்கு இது பழகிய காயம். தெருவில் ஓடும் சின்ன சைக்கிள்களில் முதலில் தேய்ந்து ஓட்டை விழுவதும் கிரிப்பின் அந்த நுனிதான். வண்டியைச் சுவரில் சாய்ப்பதிலும் கீழே போடுவதிலும் மாதக்கணக்கில் அரைபட்டு, குழாயின் விளிம்பே ரப்பரை வட்டமாக வெட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது.