வெள்ளி பூசிய கட்டுத்துணி: சோதனை எங்கே தடுமாறுகிறது?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ், காஸ் துணிகள் நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் கிருஷ்ணன்கோவில். அங்குள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் நானோ பொருள்களை ஆராய்கிறார்கள். தறியும் ஆய்வகமும் இத்தனை அருகில் இருக்கும் வட்டாரம் இது. தீக்காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் நானோ வெள்ளி பூசிய கட்டுத்துணி சந்தைக்கு வந்துவிட்ட நிலையில், அதன் பாதுகாப்பை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது இங்குள்ளவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ஒரு சென்டிமீட்டர் வெள்ளிக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துண்டுகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். அவ்வளவு பரப்பிலிருந்தும் வெள்ளி அயனிகள் கசியும். அவை கிருமியைக் கொல்லும். அளவு மீறினால் புண்ணை ஆற்றவேண்டிய தோல் செல்களையும் கொல்லும்.

எனவே முதல் சோதனை செல்களில்தான். துணியை 37 டிகிரி சூட்டில் திரவத்தில் ஊறவைத்து, அந்தச் சாற்றை எலியின் இணைப்புத் திசுவிலிருந்து வளர்த்த எல்929 செல்கள்மீது விடுகிறார்கள். மறுநாள் எம்டிடி என்னும் மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு செல்கள் பிழைத்திருக்கின்றன என்று கணக்கு. பிழைத்தவை 70 சதவீதத்துக்குக் கீழே போனால், ஐஎஸ்ஓ 10993-5 தரநெறிப்படி அந்தப் பொருள் செல்லுக்கு நஞ்சு.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நானோ பொருள் இந்தச் சோதனையையே குழப்பிவிடும். 2006-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் கார்பன் நானோ குழாய்களைச் சோதித்தபோது, எம்டிடியில் பாதிச் செல்கள் செத்ததுபோலத் தெரிந்தது. வேறொரு சாயத்தில் எல்லாம் உயிரோடு இருந்தன. ஊதாப் படிகங்கள் நானோ குழாய்களில் ஒட்டிக்கொண்டு கரையாமல் நின்றதே காரணம். வெள்ளித் துகள்கள் தாமே ஒளியை உறிஞ்சக்கூடியவை. உப்பும் புரதமும் கலந்த திரவத்தில் அவை ஒன்றோடொன்று திரண்டும் விடும். 20 நானோமீட்டர் என்று சீட்டு ஒட்டிய துகள், செல்லைத் தொடும்போது அந்த அளவில் இருக்காது. ஆகவே சோதனைத் திரவத்துக்குள்ளேயே துகளின் அளவைப் பார்க்க வேண்டும். செல் இல்லாத கிண்ணத்தில் துகளையும் சாயத்தையும் மட்டும் கலந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் வரும் 'பாதுகாப்பானது' என்ற அறிக்கையை நான் நம்பமாட்டேன். 'நஞ்சு' என்ற அறிக்கையையும்தான்.

மீன் கருவில் 96 மணி நேரச் சோதனை, விலங்குகளில் தோல் சோதனை என்று சோதனை வரிசை நீளும். நம் நாட்டில் லக்னோவிலுள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் இயங்குகிறது. நானோ மருந்துகளை மதிப்பிடும் வழிகாட்டுதலை மத்திய அரசு 2019-இல் வெளியிட்டது.

நோயாளியின் தோலோடு பாதுகாப்புக் கேள்வி முடிந்துவிடுவதில்லை. பூச்சுக் கரைசலைத் தெளிப்பவர், காய்ந்த துணியை வெட்டி மடிப்பவர் ஆகியோருக்குத் துகள் நுரையீரல் வழியாக உடலுக்குள் போகிறது. தோலில் தேறிய பொருள் நுரையீரலிலும் தேறும் என்று சொல்ல முடியாது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) தன் சுவாசச் சோதனை நெறிகளை நானோ பொருளுக்கும் பொருந்தும்படி 2018-இல் திருத்தியது அதனால்தான். இப்படிப் பூச்சு போட முன்வரும் பட்டறை, துணிக்கு வாங்கும் சான்றோடு வேலைத்தளக் காற்றையும் அளந்து காட்ட வேண்டும். சிறு தறிக்காரர்களால் அந்தச் செலவைத் தனியாகத் தாங்க முடியாது. பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பொதுச் சோதனைக்கூடம் ஒன்று அமைக்க அரசு பணம் தரவேண்டும்.