குறைமாதக் குழந்தைக்கு ரத்த அழுத்தம் ஏன் இறங்குகிறது?

இன்குபேட்டரில் இருக்கும் குறைமாதக் குழந்தையின் உள்ளங்கையில் டாக்டர் விரலை வைக்கிறார். சாதாரணமாக அங்கே நாடி தட்டுப்படாது; இந்தக் குழந்தைக்கோ துள்ளுகிறது. மானிட்டரில் மேல் அழுத்தம் 45, கீழ் அழுத்தம் 18. கீழ் அளவு மட்டும் ஏன் இவ்வளவு இறங்கியது?

காரணம், மூடாத ஒரு குழாய்.

கருப்பையில் நுரையீரலுக்கு வேலை இல்லை. அங்கே போகவேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதியை ‘டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ்’ என்ற குறுக்குக் குழாய் மகாதமனிக்குத் திருப்பிவிடும். பிறந்ததும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும். குழாயைத் திறந்து வைத்திருந்த புரோஸ்டாகிளாண்டின் குறையும். நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு 3 நாட்களுக்குள் அது சுருங்கி மூடிவிடும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்குப் பல நேரங்களில் மூடுவதில்லை.

இப்போது ஓட்டம் திசை மாறுகிறது. மகாதமனியில் அழுத்தம் அதிகம் என்பதால் ரத்தம் நுரையீரல் பக்கம் பாய்கிறது. இரு துடிப்புகளுக்கு நடுவிலும் இது நிற்பதில்லை. கீழ் அழுத்தம் சரிவது இதனால்தான். ஈடுகட்ட இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளுகிறது, நாடி துள்ளுகிறது. மிகச் சிறிய குழந்தையின் இதயத்துக்கு அந்தத் தெம்பு போதாமல், இரண்டு அளவுமே இறங்கிவிடலாம். நுரையீரலில் ரத்தம் மிகும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் பற்றாக்குறை.

பல குழாய்கள் தாமாகவே மூடும் என்பதால் டாக்டர்கள் காத்திருப்பதும் உண்டு. தேவைப்பட்டால் இண்டோமெதசின், இபுபுரூஃபன், பாராசிட்டமால் ஆகியவற்றில் ஒன்று. மூன்றுமே புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பவை. 1938-ல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் 7 வயதுச் சிறுமிக்கு மார்பைத் திறந்துதான் இந்தக் குழாயைக் கட்டினார். இன்று தொடையின் ரத்தக்குழாய் வழியே சிறு அடைப்பானைச் செலுத்துகிறார்கள். 700 கிராம் எடையுள்ள குழந்தைக்கும் அதைப் பொருத்த அமெரிக்கா 2019-ல் அனுமதித்தது.