சமையற் பலகைகளும் உலரும் எண்ணெய்களும்

இந்தியச் சமையலறைகளில் கல்லும் எஃகும் பெரிதும் இடம்பெற்றுவிட்ட போதிலும், மரம் முற்றிலும் விலகிவிடவில்லை. காய்கறி அரியும் பலகை, மாவு பிசையும் மேடை, வட இந்திய இல்லங்களில் ரொட்டி தேய்க்கும் சக்லா ஆகியன சீசம், மா முதலிய மரங்களால் இன்றும் செய்யப்படுகின்றன. கவனிப்பின்றி விடப்படின் இவை வெடித்தும் கோணியும் விரைவில் பயனற்றுப் போகும். தக்க எண்ணெயைத் தக்க முறையில் இட்டால் நீண்டகாலம் உழைக்கும். ஆனால் எந்த எண்ணெய் தக்கது என்பதை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

மரமும் ஈரமும்

மரம் நீண்ட குழல் போன்ற நுண்ணறைகளால் ஆனது. அவ்வறைகளின் சுவர்கள் ஈரத்தை ஏற்கும்போது பருக்கின்றன, இழக்கும்போது சுருங்குகின்றன. இழையின் நீளவாக்கில் இம்மாறுதல் மிகக் குறைவு, குறுக்குவாக்கில் மிகுதி. ஆகவே பலகையின் ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அது வளைகிறது. குழல்களின் வாய்கள் திறந்திருக்கும் ஓரங்கள் முதலில் உலர்ந்து வெடிக்கின்றன. எண்ணெய் மரத்தினுள் ஊறி, நீர் புகுவதையும் வெளியேறுவதையும் தாமதப்படுத்துகிறது. அது நீரை முற்றிலும் தடுத்துவிடும் என எண்ணுதல் தவறு.

உலரும் எண்ணெய், உலரா எண்ணெய்

எண்ணெய்கள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. சில எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று, அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான படலமாக மாறுகின்றன. இங்கு உலர்தல் என்பது நீர் ஆவியாவது போன்றதன்று. அது ஓர் இரசாயன மாற்றம். இதனால் எண்ணெயின் எடை முதலில் குறையாமல் கூடுகிறது.

இத்தன்மையை அளக்க அயோடின் எண் உதவுகிறது. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறதோ, அதுவே அவ்வெண். ஆளிவிதை எண்ணெய்க்கு இது ஏறத்தாழ 170 முதல் 200 வரை. நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. தேங்காய் எண்ணெய்க்குப் பத்தை ஒட்டியே அமையும். முதலாவது நன்கு உலர்வது, இரண்டாவது அரைகுறையாக உலர்வது, மூன்றாவது உலராதது. அக்ரோட்டு எண்ணெயும் உலரும் வகையைச் சேர்ந்ததே. உலராத எண்ணெய் கழுவும்போது சிறிது சிறிதாக நீங்கிவிடும். கடலை எண்ணெய் போன்றவை பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பற்றி, நாளடைவில் சிக்கு நாற்றம் அடையும்.

சமையற் பலகைக்கு உண்ணத்தக்க, கலப்பற்ற ஆளிவிதை எண்ணெயையே கொள்ளுதல் வேண்டும். வர்ணக் கடைகளில் விற்கப்படும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில், விரைவில் உலரும் பொருட்டுக் காரீயம், கோபால்ட், மாங்கனீசு ஆகியவற்றின் உப்புகள் சேர்க்கப்பட்டிருக்கலாம். உணவு படும் இடத்தில் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

இடும் முறை

பலகையைக் கழுவி நன்கு உலர்த்துக. பின்னர் மெல்லிய உப்புத்தாளால் இழையின் போக்கிலேயே தேய்த்துத் தூசியைத் துடைக்க. சிறிதளவு எண்ணெயைத் துணியில் எடுத்து, மேல், கீழ், ஓரங்கள் ஆகிய எல்லாப் பக்கங்களிலும் பூசுக. அரைமணி நேரம் கழித்து, மரம் உறிஞ்சாது எஞ்சிய எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்க. எஞ்சியது தடித்துப் பிசினாகிவிடும். சில நாட்கள் காற்றோட்டத்தில் வைத்து உலர்ந்தபின் அடுத்த பூச்சு இடலாம். மூன்று மெல்லிய பூச்சுகள் ஒரு தடித்த பூச்சினும் மேலானவை. படலம் முற்ற இறுகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பலகையைப் பயன்படுத்தாதிருத்தல் நன்று.

துணியால் நேரும் தீ

ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் பிறக்கிறது. பலகையின் பரப்பில் அவ்வெப்பம் காற்றில் கலந்துவிடும். ஆனால் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், உள்ளே காற்று இருந்தும் வெப்பம் வெளியேற வழியில்லை. வெப்பம் ஏற ஏற மாற்றமும் விரைவடைகிறது. சில மணி நேரத்தில், எவரும் நெருப்பு வைக்காமலே துணி தீப்பற்றக்கூடும். எனவே, வேலை முடிந்தவுடன் துணியைத் திறந்த வெளியில் மடிப்பின்றி விரித்து உலர்த்துதல் வேண்டும். அல்லது நீர் நிறைந்த உலோகக் கலத்தில் அமிழ்த்தி மூடி வைத்தல் வேண்டும். விடுதிகளிலும் பள்ளிச் சமையற்கூடங்களிலும் இவ்விதியை எவ்விதத் தளர்வுமின்றிக் கடைப்பிடித்தல் வேண்டும்.

நாள்தோறும் பேணுதல்

பலகையை நீரில் ஊறப்போடலாகாது. கழுவியவுடன் துடைத்து, இருபுறமும் காற்றுப்படுமாறு நிமிர்த்தி வைக்க. மேற்பரப்பில் ஒரு துளி நீரை விட்டுப் பார்க்க. துளி முத்தாக நின்றால் காப்பு உளது. மரம் உறிஞ்சிக் கருத்தால் மீண்டும் எண்ணெய் இடும் காலம் வந்துவிட்டது. எண்ணெய் கிருமிநாசினி அன்று. ஆதலின் இறைச்சிக்கும் மீனுக்கும் தனிப் பலகை வைத்தல் வேண்டும். ஆழ்ந்த வெடிப்புள்ள பலகையை இழைத்துச் சீர்செய்க, இயலாதெனின் விலக்குக.

ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை வகுப்பிலேயே விளக்கலாம். மூன்று கண்ணாடித் தகடுகளில் ஆளிவிதை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை மெல்லியதாகத் தடவி, நாள்தோறும் ஓர் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்க்கச் செய்க. எது இறுகுகிறது, எது இறுகவில்லை என்பதை மாணவர் தாமே கண்டறிவர்.