ஏற்காட்டின் ஒற்றையடிப் பாதைகள்

மழைக்காலத்தில் ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீர் சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கிளியூர் அருவியாக விழுகிறது. ஏரியைச் சுற்றியுள்ள சரிவுகளில் நடப்பவர்களின் கால்கள் மண்ணை என்ன செய்கின்றனவோ, அதன் பலன் ஏரியோடு நிற்பதில்லை, அருவிவரை போகிறது.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரில். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அடிவாரத்தில் முட்புதர், நடுவில் மூங்கிலும் இலையுதிர் மரங்களும், மேலே சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும். வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பவர் இதைத் தவறவிட்டுவிடுவார். நடப்பவர் தவறவிட மாட்டார்.

ஏற்காடு அமர்ந்திருக்கும் சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். வெயிலும் மழையும் அதைச் சிதைக்கச் சிதைக்க, சிலிக்கா கரைந்து போய்விடும். இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு வெட்டிச் சென்ற பாக்சைட் இப்படி உண்டானதுதான். பாதையில் நம் செருப்பில் ஒட்டும் செம்மண்ணும் அப்படியே.

காட்டு மண்ணில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். வேரும் மண்புழுவும் கறையானும் துளைத்த அந்தச் சந்துகளில்தான் காற்றும் நீரும் இருக்கின்றன. இதைச் சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பாட்டிலில் இருக்கும் தண்ணீரில் கொஞ்சத்தைச் சருகு மூடிய மண்ணில் ஊற்றுங்கள். சட்டென்று உள்ளே போய்விடும். இரண்டடி தள்ளி, பலர் மிதித்து இறுகிய தடத்தில் அதே அளவு ஊற்றுங்கள். தேங்கி நிற்கும், பிறகு சரிவு பார்த்து ஓடும், ஓடும்போதே செந்நிறமாகிவிடும். மழை நாளில் மலை முழுக்க நடப்பதும் இதுதான். மண் அரித்துப் போய் மரவேர்கள் படிக்கட்டுபோல் வெளியே தெரியும் பாதைகளில், நாம் நடப்பது பழைய தரைக்கு ஓரடி கீழே.

ஆனாலும் பாதையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நூறு பேர் ஒரே தடத்தில் நடந்தால் கெடுவது ஓரடி அகலம்தான். நூறு பேர் பரவி நடந்தால் சரிவு முழுவதும் கெடும். இறுக்கத்தில் பெரும்பகுதி முதல் சில நூறு மிதிப்புகளிலேயே வந்துவிடுகிறது. அதன் பிறகு வருபவர்களால் கூடுதல் கேடு குறைவு.

பாதை போடுபவர்களிடம் இதற்கு ஒரு கணக்கு உண்டு. பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதையோடே இறங்கிவிடும். சராசரியாகப் பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் போதும். தடத்தின் வெளிவிளிம்பு பள்ளத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். தமிழ்நாடு வனத்துறை 2024-இல் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியபோது அதில் சேலம் உட்பட 14 மாவட்டங்களில் 40 தடங்கள் இருந்தன. வழிகாட்டியோடு ஒற்றை வரிசையில் நடப்பதில், பாதுகாப்போடு இந்த மண் கணக்கும் அடங்கியிருக்கிறது.

ஏற்காட்டுப் பாதைகளுக்கு மிக மோசமான நேரம் மே மாதம். கோடை விழாவுக்குக் கூட்டம் வரும்; கோடை மழையும் அப்போதே வரும். ஈரமண் காய்ந்த மண்ணைவிட எளிதில் இறுகும். சேற்றுக் குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போகத்தான் எல்லோருக்கும் தோன்றும். அப்படித்தான் ஓரடித் தடம் ஆறடியாகிறது. குட்டையின் நடுவிலேயே காலை வையுங்கள். செருப்பைக் கழுவிக்கொள்ளலாம்.

வளைவுகளுக்கு இடையே நேராக இறங்கும் குறுக்குவழிகள்தான் மண்ணை அதிகம் இழக்கின்றன. அவற்றை மூடுவது எளிய வேலை: இறுகிய மண்ணைக் கொத்திவிட்டு, சரிவுக்குக் குறுக்கே கட்டைகளைக் கிடத்தி, சருகைப் பரப்பி, மேல்முனையில் முள்ளை வெட்டிப் போட வேண்டும். மண் மீண்டும் இளகச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை முள்ளை யாரும் விலக்காமல் இருக்க வேண்டும்.